தலைக்கு மேலே போகிறவை: பறப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீடு பொழிச்சலூர்ப் பக்கம். சென்னை விமான நிலையத்தின் பெரிய ஓடுபாதையை மேற்கே நீட்டினால் எங்கள் மொட்டை மாடிக்குக் கிட்டத்தட்ட நேராக வந்து சேரும். சாயங்காலம் துணி எடுக்க மேலே போனால் தெருப் பிள்ளைகள் நாலு பேர் எனக்கு முன்பே அங்கே இருப்பார்கள். விமானம், பருந்து, தட்டான், வௌவால், காத்தாடி என்று கண்ணில் படுவதையெல்லாம் கேட்பார்கள். அவர்கள் கேட்டதும், அவர்களுடைய அப்பா அம்மாக்கள் பிறகு வாட்ஸ்அப்பில் கேட்டதும்தான் இங்கே இருப்பவை. முக்கால்வாசிக் கேள்விக்கு ஒரே பதில்தான்: காற்றைக் கீழே தள்ளினால் மேலே நிற்கலாம். யார் எப்படித் தள்ளுகிறார்கள் என்பதில்தான் சுவாரசியம்.

மேலே போவதெல்லாம் பறப்பதுதானா?

இல்லை. திருவிழாவில் விற்கும் ஹீலியம் பலூன் மிதக்கிறது. தண்ணீரில் தக்கை மிதப்பதும் அதுவும் ஒன்றே. சுற்றியுள்ள காற்றைவிட எடை குறைவு, அதனால் மேலே போகிறது. மனிதன் முதலில் ஆகாயத்துக்குப் போனதும் இப்படித்தான். 1783 நவம்பரில் பாரிஸில் மோங்கோல்ஃபியே சகோதரர்களின் சூடான காற்றுப் பலூனில் இரண்டு பேர் ஏறிப் போனார்கள். அதற்கு இரண்டு மாதம் முன்னால் ஓர் ஆடு, ஒரு வாத்து, ஒரு சேவல் மூன்றையும் ஏற்றி அனுப்பிப் பார்த்திருந்தார்கள். (வாத்துக்கு அது பெரிய சாதனையாகத் தோன்றியிருக்காது.)

ராக்கெட் வேறு ஜாதி. தன் வாயுவைத் தானே பின்னால் உமிழ்ந்து போகும். அதற்குக் காற்று தேவையே இல்லை, சொல்லப்போனால் காற்று அதற்கு இடைஞ்சல். காற்றைவிடக் கனமாக இருந்துகொண்டு, காற்றிலேயே சாய்ந்து நிற்பவற்றைத்தான் இங்கே பறப்பவை என்கிறேன்.

விமான இறக்கையின் மேல்பக்கம் வளைந்திருப்பதால், மேலே போகும் காற்று அதிக தூரம் ஓடி, கீழே போன காற்றோடு ஒரே நேரத்தில் போய்ச் சேர வேண்டியிருக்கிறது, அதனால்தான் தூக்குவிசை வருகிறது என்று படித்தேன். சரியா?

நானும் அப்படித்தான் படித்தேன். தப்பு. மேலே போன காற்றும் கீழே போன காற்றும் பின்விளிம்பில் சந்தித்துக்கொள்வதாக எந்த ஒப்பந்தமும் இல்லை. காற்றுக் குழாயில் புகை விட்டுப் பார்த்தால், மேலே போன காற்று முந்திக்கொண்டு போய்விடுவது தெரியும். மேலே காற்று வேகமாக ஓடுவதும் அங்கே அழுத்தம் குறைவதும் உண்மை. காரணமாகச் சொல்லப்படுவதுதான் பொய்.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கையைக் கொஞ்சம் வெளியே நீட்டியவர்களுக்கு விஷயம் தெரியும் (கண்டக்டர் திட்டியதும் நினைவிருக்கும்). உள்ளங்கை தரையைப் பார்த்திருந்தால் ஒன்றும் ஆகாது. கட்டைவிரல் பக்கத்தைச் சற்று உயர்த்தினால் கை தானாக மேலே போகும். கை காற்றைக் கீழே திருப்புகிறது, காற்று கையை மேலே தள்ளுகிறது. இறக்கையும் இதைத்தான் செய்கிறது. வளைந்த மேல்பக்கத்தை ஒட்டியபடியே காற்று ஓடி, பின்விளிம்பில் கீழ்நோக்கி இறங்குகிறது. அந்த வளைவு காற்றை இன்னும் சுத்தமாகத் திருப்ப உதவுகிறது, அவ்வளவுதான்.

கையை ரொம்பவும் நிமிர்த்தினால்? தூக்குவது நின்று, பின்னால் தள்ளுவது மட்டும்தான் மிஞ்சும். விமானத்துக்கும் இதே கதி. சாதாரண இறக்கையைப் பதினைந்து டிகிரி சுமாருக்கு மேல் நிமிர்த்தினால் மேல்பக்கத்துக் காற்று ஒட்டாமல் பிய்த்துக்கொள்ளும். அதைத்தான் ஸ்டால் என்கிறார்கள். என்ஜின் நின்றுபோவது என்று சிலர் நினைக்கிறார்கள். இதில் என்ஜினுக்குச் சம்பந்தமே இல்லை.

அப்படியானால் சாகச விமானங்கள் தலைகீழாகப் பறப்பது?

மூக்கைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தால் தலைகீழாக இருக்கும்போதும் இறக்கை காற்றைக் கீழேதான் தள்ளும். அவற்றின் இறக்கை பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வளைந்திருக்கும். மேலே சொன்ன பாடப்புத்தக விளக்கத்தை வைத்துப் பார்த்தால் அது பறக்கவே கூடாது.

ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் மாடிக்கு மேலே விமானம் இறங்குகிறது. ஆனி, ஆடியில் அதே இடத்தில் ஏறிப் போகிறது. ஏன்?

இது எங்கள் தெருக் கேள்வி. விமானம் முடிந்தவரை எதிர்காற்றில்தான் ஏறும், எதிர்காற்றில்தான் இறங்கும். இறக்கைக்கு வேண்டியது காற்றின் வேகம். தரையில் சக்கரம் எவ்வளவு வேகம் ஓடுகிறது என்பது அதற்கு முக்கியமில்லை. எதிரே காற்று அடித்தால் அந்த வேகத்தில் ஒரு பங்கு இலவசமாகக் கிடைத்துவிடும். வடகிழக்குக் காற்று வீசும் மாதங்களில் கிழக்கு முகமாக இறங்க வேண்டும், அதனால் மேற்கே இருக்கும் எங்கள் தலைக்கு மேல் வருகிறார்கள். தென்மேற்குக் காற்றில் எல்லாம் தலைகீழ்.

அந்த ஓடுபாதைக்கு ஒரு முனையில் 07 என்றும் மறுமுனையில் 25 என்றும் பெரிதாக எழுதியிருக்கும். திசைகாட்டியில் 70 டிகிரி, 250 டிகிரி. கடைசிச் சுழியத்தை விட்டுவிடுவார்கள். இது தெரிந்த நாளிலிருந்து பிள்ளைகள் காலையில் துணி எந்தப் பக்கம் ஆடுகிறது என்று பார்த்து, “இன்னிக்கு ஏழு”, “இன்னிக்கு இருபத்தஞ்சு” என்று பந்தயம் கட்டுகிறார்கள்.

இறங்கும் விமானத்தை ஒருமுறை கவனித்துப் பாருங்கள். இறக்கையின் பின்பக்கம் அடுக்கடுக்காகத் தகடுகள் நீண்டு, கீழே வளைந்திருக்கும். வேகம் குறையக் குறைய இறக்கை போதாது என்பதால் அதைப் பெரிதாக்கி, வளைவையும் கூட்டிக்கொள்கிறார்கள். மதில்மேல் உட்காரப் போகும் காக்கை கடைசி நொடியில் வாலை விசிறி மாதிரி விரித்து, சிறகை நிமிர்த்தும். இரண்டையும் ஒரே மாலையில் பார்த்துவிட்டால் போதும், படம் வரைந்து விளக்க வேண்டியதில்லை.

பறவை மாதிரி கையில் இறக்கை கட்டிக்கொண்டு மனிதன் ஏன் பறக்க முடியவில்லை?

தசை இல்லை. நன்றாகப் பறக்கிற பல பறவைகளுக்கு மார்புத் தசை மட்டுமே உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு வரும். நமக்குப் பலம் தொடையில் இருக்கிறது.

ஆனால் இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. பறவைக்கு ஒரே இறக்கைதான் தூக்கவும் செய்கிறது, முன்னே தள்ளவும் செய்கிறது. அதைக் காப்பியடிக்கப் பார்த்தவர்கள் எல்லோரும் விழுந்தார்கள். அடிப்பதை விட்டுவிட்டு, இறக்கையை அசையாமல் வைத்து, தள்ளுகிற வேலையைத் தனியாக ஒரு விசிறிக்குக் கொடுத்தபோதுதான் வழி பிறந்தது. ஜெர்மனியில் ஓட்டோ லிலியந்தால் நாரைகளைப் பார்த்துப் பார்த்து இறக்கை செய்து, குன்றிலிருந்து ஆயிரக்கணக்கான முறை சறுக்கிப் பறந்தார். 1896ல் அப்படிப் பறக்கும்போதே விழுந்து இறந்தார். அவர் உடலை இப்படியும் அப்படியும் ஆட்டித்தான் திசை திருப்பினார். ரைட் சகோதரர்கள் பறவைகள் சிறகு நுனியை முறுக்கித் திரும்புவதைக் கவனித்து, தங்கள் விமானத்தின் இறக்கையையே கம்பி வைத்து முறுக்கினார்கள். 1903 டிசம்பர் 17 அன்று முதல் பறப்பு 12 வினாடி, 120 அடி. இன்றைய ஜம்போ விமானத்தின் இறக்கை அகலம்கூட அதைவிட அதிகம். என்ஜினைவிட அந்த முறுக்குதான் அவர்கள் தந்த பெரிய விஷயம் என்பது என் கட்சி.

சொந்தப் பலத்தில் மனிதன் பறந்ததும் உண்டு. 1979ல் பிரையன் ஆலன் என்ற சைக்கிள் வீரர் காலால் பெடல் மிதித்தே ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். பலம் தொடையில் என்று சொன்னேன் அல்லவா?

பருந்து சிறகே அடிக்காமல் வட்டம் போடுகிறதே, அது எப்படி?

காலையில் எட்டு மணிக்குப் பாருங்கள். எங்கள் பக்கத்துக் கரும்பருந்துகள் தண்ணீர்த் தொட்டி மேலும் செல்போன் கோபுரத்திலும் சும்மா உட்கார்ந்திருக்கும். பத்து பத்தரைக்கு மொட்டை மாடித் தளம் கால் வைக்க முடியாமல் சுடும்போது ஒவ்வொன்றாகக் கிளம்பும். சூடான தரையிலிருந்து காற்று தூண் மாதிரி எழும்புகிறது. அந்தத் தூணுக்குள்ளேயே வட்டமடித்தால் லிஃப்டில் ஏறுகிற மாதிரி. உண்மையில் பருந்து எப்போதும் கீழே சறுக்கிக்கொண்டேதான் இருக்கிறது. அது சறுக்குவதைவிட வேகமாகக் காற்று மேலே போகிறது, அவ்வளவுதான். வட்டத்தை விட்டு வெளியே வந்தால் தூண் முடிந்துவிடும், அதனால்தான் வட்டம்.

தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைகளில் இருக்கும் காண்டோர் கழுகுகளுக்குக் கருவி கட்டிப் பார்த்ததில், பறக்கும் நேரத்தில் சுமார் நூற்றில் ஒரு பங்குதான் சிறகடிக்கின்றன என்று தெரியவந்தது. ஒன்று ஐந்து மணி நேரத்துக்கு மேல், 170 கிலோமீட்டர் தூரம், ஒருமுறைகூட அடிக்காமல் போயிருக்கிறது. பத்துக் கிலோவுக்கு மேல் எடை உள்ள பறவை.

எங்கள் வீட்டுச் செம்பருத்திக்கு ஹம்மிங் பறவை வந்தது. படம் அனுப்பட்டுமா?

அனுப்புங்கள், ஆனால் அது தேன்சிட்டு. ஹம்மிங் பறவைகள் அமெரிக்கக் கண்டங்களைத் தவிர வேறு எங்கும் இல்லை. பெரும்பாலும் பூக்காம்பில் உட்கார்ந்து குடித்தால் தேன்சிட்டு. அந்தி நேரத்தில் அந்தரத்தில் நின்று நீளமான குழலை நீட்டினால், அது பறவையே இல்லை, பருந்து அந்துப்பூச்சி.

தேனீ பறக்க முடியாது என்று விஞ்ஞானம் சொல்கிறதாமே? அது தெரியாமல்தான் தேனீ பறக்கிறதாம்.

தன்னம்பிக்கைப் பேச்சாளர்களுக்குப் பிடித்த கதை. விமானத்தின் அசையாத இறக்கைக்கான கணக்கைப் பூச்சிக்குப் போட்டால் கணக்கு இடிக்கும். கணக்குதான் தப்பு. தேனீ வினாடிக்கு 230 முறை சுமாருக்கு இறக்கையை முன்னும் பின்னும் வீசி, ஒவ்வொரு வீச்சிலும் அதைத் திருப்பிக்கொள்கிறது. இறக்கையின் முன்விளிம்பில் ஒரு குட்டிச் சுழல் உருவாகி, அது பிய்ந்துபோவதற்குள் அடுத்த வீச்சு வந்துவிடும். பெரிய இறக்கை ஸ்டால் ஆகிற கோணத்தில்தான் பூச்சி நிம்மதியாகப் பறக்கிறது.

தட்டான் தாழப் பறந்தால் மழை வருமா?

சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் தட்டானுக்கும் மழைக்கும் இருக்கிற உறவு பழமொழியைவிடப் பெரியது.

செப்டம்பர், அக்டோபரில் மைதானத்துக்கு மேல் கூட்டமாகச் சுற்றும் மஞ்சள் கலந்த பழுப்புத் தட்டானைப் பார்த்திருப்பீர்கள். உட்காரவே உட்காராது. ஒன்று எங்கள் கொடிக்கம்பியில் தொங்கியபடி கிடந்தபோது அருகில் போய்ப் பார்த்தேன். பின்இறக்கை உடம்போடு சேரும் இடத்தில் மட்டும் நன்றாக அகன்றிருந்தது. சறுக்குவதற்கான இறக்கை. எடை ஒரு கிராமில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது.

இதே இனம் அக்டோபரில் மாலத்தீவில் லட்சக்கணக்கில் வந்து இறங்குகிறது. பவளத் தீவுகளான அங்கே தட்டான் முட்டையிடக் குளம் குட்டை அநேகமாகக் கிடையாது. அப்படியானால் எங்கிருந்து வருகிறது? அங்கே வசித்த கடல் உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சன் ஆண்டுக்கணக்காக வருகைத் தேதிகளைக் குறித்துவைத்து, 2009ல் தன் முடிவை வெளியிட்டார். இந்தியாவிலிருந்து கிளம்பி, மாலத்தீவு, செஷல்ஸ் வழியாகக் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போகின்றன. உயரத்தில் வீசும் காற்றில் ஏறி, மழை நகரும் திசையிலேயே நகர்கின்றன. மழை பெய்து தேங்கிய தண்ணீரில் முட்டை, சில வாரங்களில் அடுத்த தலைமுறை, மறுபடி பயணம். போய்த் திரும்புவதற்குள் நான்கு தலைமுறை ஆகிவிடும் என்பது அவர் கணிப்பு. கிளம்பியது திரும்பாது, திரும்புவது அதன் கொள்ளுப்பேரன். வாலில் நூல் கட்டி விளையாடிய பாவத்தை நினைத்து இப்போது வெட்கமாக இருக்கிறது.

வௌவால் பறவையா? பறக்கும் அணில், பறக்கும் மீன் எல்லாம்?

வௌவால் குட்டி போட்டுப் பால் கொடுக்கும் விலங்கு. பாலூட்டிகளில் நிஜமாக இறக்கை அடித்துப் பறப்பது அது ஒன்றுதான். அதன் இறக்கை என்பது நீண்டுபோன விரல்களுக்கு நடுவே இழுத்துக் கட்டிய தோல், குடைக்கம்பியும் துணியும் மாதிரி.

பறக்கும் அணிலும், மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கும் பறக்கும் ஓணானும் சறுக்குகின்றன. அணிலுக்குக் காலுக்கும் காலுக்கும் நடுவே தோல்; ஓணானுக்கு விலா எலும்புகளே வெளியே நீண்டு தோலை விரிக்கும். நாகப்பட்டினம் பக்கம் பறவைக் கோலா என்று சொல்லும் மீனும் இந்தக் கட்சிதான். வாலால் தண்ணீரை அடித்து வேகம் கூட்டி, பெரிய துடுப்புகளை விரித்து மிதந்து போகும். ஜப்பான் கடலோரத்தில் ஒன்று 45 வினாடி காற்றிலேயே போனதைப் படம் பிடித்திருக்கிறார்கள். ரைட் சகோதரர்களின் முதல் பறப்பைவிட அதிகம். குழம்பில் போடும்போது இதையெல்லாம் யார் நினைக்கிறார்கள்?

அதிக தூரம், அதிக உயரம் பறக்கும் பறவை எது?

தூரத்துக்குப் பட்டைவால் மூக்கன். 2022 அக்டோபரில் ஐந்து மாதக் குஞ்சு ஒன்று அலாஸ்காவிலிருந்து ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டரைப் பதினோரு நாளில் எங்கும் இறங்காமல் கடந்தது. தண்ணீரில் உட்காரத் தெரியாத பறவை, அதனால் நடுவழியில் ஓய்வு என்ற பேச்சே இல்லை. கிளம்புவதற்கு முன் கொழுப்பை ஏற்றிக்கொண்டு, குடல் முதலிய உறுப்புகளைச் சுருக்கிக்கொள்ளும். பெட்டியில் இடம் பற்றாமல் செருப்பை எடுத்துவிடுகிற மாதிரி.

உயரத்தில் பேர்போனவற்றில் ஒன்று பட்டைத்தலை வாத்து. மங்கோலியா, திபெத் பக்கமிருந்து இமயமலையைத் தாண்டி வரும். 7,000 மீட்டருக்கு மேல் பறந்ததைக் கருவி பதிவு செய்திருக்கிறது. அங்கே இருக்கும் கொஞ்ச ஆக்ஸிஜனையும் இறுகப் பிடித்துக்கொள்ளும்படி அதன் ரத்தம் அமைந்திருக்கிறது. இதைப் பார்க்க எவரெஸ்ட் போக வேண்டாம். திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளத்துக்கு, மழை முடிந்து குளம் நிறைந்திருக்கும் தை, மாசியில் போங்கள். தலையில் இரண்டு கறுப்புக் கோடு இருக்கும். இமயத்தைத் தாண்டி வந்த அலட்டல் எதுவும் இல்லாமல் வயலில் மேய்ந்துகொண்டிருக்கும்.

காத்தாடிக்கு என்ஜின் இல்லை. எப்படி நிற்கிறது?

விமானம் காற்றைத் தேடி ஓடுகிறது. காத்தாடி நின்ற இடத்தில் காற்றை வரவழைக்கிறது. நூலை விட்டுவிட்டால் காற்றோடு காற்றாகப் போய் விழுந்துவிடும். பிடித்து நிறுத்துவதால்தான் மேலே நிற்கிறது. வித்தையெல்லாம் அது காற்றுக்கு எந்தச் சாய்வில் நிற்கிறது என்பதில் இருக்கிறது. சென்னையில் சூத்திரம் என்பதும், யாழ்ப்பாணத்தில் முச்சை என்பதும் அந்தச் சாய்வைத் தீர்மானிக்கும் கயிற்று முடிச்சைத்தான். மேல் கயிறு ஒரு விரல் நீண்டால் குட்டிக்கரணம் போடும், குறைந்தால் தூக்காது.

இதில் பெரிய கைகளைப் பார்க்க வேண்டுமானால் தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரை. ஆள் உயரத்துக்கு மேற்பட்ட பட்டங்கள், பறவை உருவம், கப்பல் உருவம், அசையும் உருவம் எல்லாம் வாடைக் காற்றில் ஏறும். சிலவற்றுக்கு விண் கட்டுவார்கள். வில் மாதிரி வளைத்த கம்பில் இழுத்துக் கட்டிய நாடா, காற்றில் அதிர்ந்து இரவெல்லாம் கூவும்.

மாஞ்சா பற்றி ஒரே வரி: வாங்காதீர்கள். கழுத்து அறுந்து மனிதர்களும் செத்திருக்கிறார்கள், பறவைகளுக்குக் கணக்கே இல்லை. நாடு முழுக்க நைலான் மாஞ்சாவுக்கு 2017லேயே பசுமைத் தீர்ப்பாயம் தடை போட்டுவிட்டது. எங்கள் மாடிக் கம்பியில் சிக்கிய நூலை அவிழ்த்தபோது என் விரலே கிழிந்தது.

நடுவானில் என்ஜின் நின்றுபோனால் விமானம் கல் மாதிரி விழுமா?

விழாது, சறுக்கும். பத்துக் கிலோமீட்டர் உயரத்திலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் போகலாம். 2001 ஆகஸ்டில் டொராண்டோவிலிருந்து லிஸ்பன் போன ஏர் டிரான்சாட் விமானத்தில் எரிபொருள் கசிந்து, அட்லாண்டிக் நடுவே இரண்டு என்ஜினும் நின்றன. சுமார் 19 நிமிடம் சத்தமில்லாமல் சறுக்கி அசோர்ஸ் தீவில் இறங்கியது. 306 பேரும் பிழைத்தார்கள். பருந்து சிறகடிக்காமல் இருப்பதும் இதுவும் ஒன்றே, தூண் ஏதும் கிடைக்கவில்லை என்பதுதான் வித்தியாசம்.

விமானத்துக்குப் பின்னால் வெள்ளைக் கோடு வருகிறதே, புகையா?

பெரும்பாலும் பனித்துகள். எரிபொருள் எரியும்போது நீராவி உண்டாகும். வெளியே மைனஸ் நாற்பதுக்கும் கீழே, உடனே உறைந்துவிடுகிறது. சட்டென்று மறைந்தால் மேலே காற்று வறண்டிருக்கிறது, நின்று பரவினால் ஈரம். சின்ன வயதில் எல்லாவற்றையும் ராக்கெட் என்று கத்தியவர்கள்தானே நாம்.

காற்று இல்லாத இடத்தில் பறக்க முடியுமா?

நிலாவில் முடியாது. செவ்வாயில் கொஞ்சம் காற்று உண்டு, நம் காற்றின் அடர்த்தியில் நூற்றில் ஒரு பங்கு சுமார். அங்கே 2021 ஏப்ரல் 19 அன்று நாசாவின் இன்ஜெனுவிட்டி என்ற 1.8 கிலோ ஹெலிகாப்டர் 39 வினாடி பறந்தது. காற்று குறைவாக இருந்தால் அதிகமாகத் தள்ள வேண்டும், அதனால் விசிறி நிமிடத்துக்கு 2,400 சுற்று சுற்றியது. ஐந்து முறை பறந்தால் போதும் என்று அனுப்பினார்கள், 72 முறை பறந்தது. ரைட் சகோதரர்களின் விமானத் துணியிலிருந்து ஒரு சின்னத் துண்டை அதில் ஒட்டி அனுப்பியிருந்தார்கள்.

வீட்டில் பிள்ளைகளோடு செய்து பார்க்க ஏதாவது?

சாலையோர மகோகனி மரத்தடியில் பழுப்பு நிறத்தில் ஒற்றை இறக்கை விதைகள் கிடக்கும். பத்துப் பொறுக்கிக்கொண்டு மாடிக்குப் போங்கள். ஒன்றைக் கையிலிருந்து சும்மா நழுவ விடுங்கள். முதல் ஒரு அடி நேராக விழும், பிறகு சட்டென்று சுழலப் பிடித்து, என்ஜின் இல்லாத ஹெலிகாப்டர் மாதிரி நிதானமாக இறங்கும். அடுத்ததன் இறக்கையில் பாதியைக் கத்திரியால் வெட்டிவிட்டு விடுங்கள். இன்னொன்றின் நுனியில் ஒரு துண்டு செல்லோடேப் ஒட்டிப் பாருங்கள். இரண்டும் எப்படி விழும் என்பதை நான் சொல்லப்போவதில்லை. கீழே போய் விதையைப் பொறுக்கிக்கொண்டு வருவது யார் என்பதை மட்டும் முதலிலேயே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். எங்கள் வீட்டில் மூன்று மாடி.